மாம்பழத்தின் ஆயுளை நீட்டிக்கும் நானோ ஆய்வு: கோவை, கொழும்பு ஆய்வாளர்கள் கைகோத்த கதை

கோவை: அறுவடைக்குப் பின் பழங்கள் விரைவில் அழுகி வீணாவதைத் தடுக்க, கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கொழும்பில் உள்ள இலங்கை அரசின் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் 2012-ஆம் ஆண்டில் கூட்டு ஆய்வைத் தொடங்கின. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகம் இதன் மூன்றாவது பங்குதாரராகும். கனடா அரசின் பன்னாட்டு உணவுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியம் இத்திட்டத்துக்கு உதவியது.

ஹெக்சனால் என்பது என்ன?

ஆய்வின் மையப் பொருள் ஹெக்சனால். தாவரங்கள் இயற்கையாகவே வெளியிடும் சேர்மம் இது. புல்லை வெட்டும்போது எழும் பச்சை மணத்தில் இதற்கும் பங்குண்டு. பழம் முதிரும்போது 'பாஸ்போலிபேஸ் டி' என்ற நொதி செல்களின் சவ்வைச் சிதைப்பதால் பழம் மென்மையாகிறது. ஹெக்சனால் அந்த நொதியின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தி, சவ்வு சிதைவதைத் தாமதப்படுத்துகிறது. குவெல்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கோபிநாதன் பாலியத், ஜெயசங்கர் சுப்பிரமணியன் ஆகியோர் இதில் முன்னோடிகள்.

நானோவின் பங்கு

ஹெக்சனால் எளிதில் ஆவியாகிவிடும் என்பதே முக்கியச் சிக்கல். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கு. அந்த அளவிலான நுண்ணிழைகளுக்குள் ஹெக்சனாலைப் பொதித்தால், அது சிறிது சிறிதாக வெளியேறும். பேராசிரியர் கே.எஸ். சுப்பிரமணியன் தலைமையிலான கோவைக் குழு இத்துறையில் ஈடுபட்டது. அறுவடைக்குப் பிந்தைய பாதுகாப்பில் அனுபவமுள்ள கொழும்பு ஆய்வாளர்கள் இலங்கைப் பழங்களில் சோதனைகளை நடத்தினர்.

உழவருக்கு என்ன பயன்?

மாமரத்தில் அறுவடைக்கு 30 நாள்களுக்கு முன்பும் 15 நாள்களுக்கு முன்பும் ஹெக்சனால் கலவையைத் தெளிக்கும் முறை உருவாக்கப்பட்டது. கிருஷ்ணகிரி உள்ளிட்ட இடங்களின் தோப்புகளில் நடந்த சோதனைகளில், பழம் பழுப்பது 3 வாரங்கள் வரை தள்ளிப்போனது. எல்லாத் தோப்புகளிலும் ஒரே நேரத்தில் காய்கள் முதிர்ந்து விலை சரியும்போது, கிடைத்த விலைக்கு விற்க வேண்டிய நெருக்கடியிலிருந்து சிறு உழவரைக் காப்பது இந்த அவகாசமே.

முதற்கட்டம் 2014-இல் நிறைவடைந்தது. அடுத்த கட்டத்தில் கென்யா, தான்சானியா, டிரினிடாட் நாடுகளின் பல்கலைக்கழகங்களும் இணைந்தன. எனினும், குளிர்பதனக் கிடங்கு வசதியில்லாத உழவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் இக்கலவை கிடைப்பதைப் பொறுத்தே ஆய்வின் முழுப் பயன் அமையும்.