உலக ரேங்க் 1... அப்போ அதுதான் பெஸ்ட் நாணய கலெக்‌ஷனா?

குந்தா, மஞ்சூர் பக்கத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டியைக் குடைந்தால், ராஜா தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய் கிடைக்கலாம். போட்டோ எடுத்து நெட்டில் தேடுவீர்கள். பளபளன்னு பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நாணயங்களும், 'உலக ரேங்க் 1' என்ற பட்டியல்களும் வந்து நிற்கும். 'நம்ம காசு இதுக்குப் பக்கத்துலகூட வராதே' என்று பெட்டியை மூடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. அந்த ரேங்க் எதை அளக்குது, எதை விட்டுடுதுன்னு முதல்ல பார்த்துடலாம்.

ரேங்க் எப்படிப் போடுறாங்க?

அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ் (1986), என்.ஜி.சி (1987) என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் அனுப்பும் நாணயம் அசலா என்று சோதித்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் கொடுத்து, சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தருவார்கள். இந்தப் பெட்டிக்கு 'ஸ்லாப்' என்று பெயர். 60-க்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாத நாணயம். 70 என்றால் பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் குறை தெரியாதது. இந்த அளவுகோலுக்கு அடிப்படை போட்டவர் வில்லியம் ஷெல்டன். 1949-ல் அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட் நாணயங்களுக்காக அவர் உருவாக்கியது அது.

இந்த நிறுவனங்களே 'செட் ரெஜிஸ்ட்ரி' என்ற போட்டிப் பட்டியலையும் நடத்துகின்றன. ஒரு வரிசையில் எத்தனை நாணயம் சேர்த்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன மதிப்பெண், அது எவ்வளவு அரிது என்று கணக்குப் போட்டு ரேங்க் வரும். கிரிக்கெட் பாயின்ட்ஸ் டேபிள் மாதிரிதான். ஆனால், டீமே களத்தில் இறங்கவில்லை என்றால் டேபிளில் எப்படி இருக்கும்?

களத்துக்கே வராத டீம்கள்

முதல் விஷயம், பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் ரேங்க். லூயிஸ் எலியாஸ்பெர்க் என்ற அமெரிக்கர், அன்றைக்குத் தெரிந்திருந்த அமெரிக்க நாணயங்களில் எல்லா ஆண்டும், எல்லா அச்சுக்கூடமும் அடங்கிய தொகுப்பை 1950-ல் முடித்தார். 1976-ல் இறந்துவிட்டார். அவர் காலத்தில் ஸ்லாப்பும் கிடையாது, ரெஜிஸ்ட்ரியும் கிடையாது. உலகில் ஒன்றே ஒன்று என்று சொல்லப்படும் 1849-ம் ஆண்டு 20 டாலர் தங்க நாணயம் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. மியூசியம் எதற்காகப் போட்டிக்கு வரப்போகிறது?

நம்ம ஊர் நாணயங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு பழைமையான நாணயம் தொல்பொருள். அரசு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. அதனால், இந்தியாவில் இருக்கும் நல்ல பழைய நாணயங்களில் பல அந்த அமெரிக்க மேஜைகளுக்குப் போகவே போகாது.

இரண்டாவது விஷயம், மதிப்பெண் போடுவது மனிதக் கண். ஒரே நாணயத்தை ஸ்லாப்பை உடைத்து எடுத்து, 'இந்தத் தடவை ஒரு மார்க் கூட வரும்' என்று திரும்ப அனுப்புகிறவர்கள் உண்டு. 65 வாங்கிய இரண்டு நாணயங்களில் எது நல்ல 65 என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டவே, 2007-ல் சி.ஏ.சி என்று இன்னொரு நிறுவனம் வந்தது. மார்க் மட்டும் போதும் என்றால் அதற்கு மேல் ஒரு ஸ்டிக்கர் எதற்கு?

மூன்றாவது, அதிக மார்க் என்பதும் அதிக மதிப்பு என்பதும் வேறு வேறு. 2021-ல் சோதபீஸ் ஏலத்தில் சுமார் 1.89 கோடி டாலருக்குப் போன 1933-ம் ஆண்டு டபுள் ஈகிள் தங்க நாணயத்தின் கிரேடு 65-தான். நேற்று அச்சடித்து நேராக ஸ்லாப்புக்குள் போன நாணயம்கூட 70 வாங்கிவிடும்.

மார்க் இல்லை, ஆனா மவுசு உண்டு

இப்போ நம்ம பக்கம் வருவோம். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த 'மாக்கோதை' வெள்ளிக் காசும், பாண்டியரின் 'பெருவழுதி' செம்புக் காசும் சங்க கால அரசர்களின் பெயர் பொறித்தவை. பல நூற்றாண்டுகள் மண்ணிலும் நீரிலும் கிடந்த காசுகளிடம் பளபளப்பை எதிர்பார்க்க முடியாது. ஆனால், இலக்கியத்தில் மட்டும் படித்த பெயர்களுக்குக் கையில் பிடிக்கும் சாட்சி கொடுத்தவை இவைதான். இரா.கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் இப்படிப்பட்ட சங்க காலக் காசுகளைத் தேடி வாங்கி, படித்து, புத்தகமாகப் போட்டதால்தான் அவை இன்று பேசப்படுகின்றன.

நீலகிரிக்கே ஓர் உதாரணம் இருக்கிறது. படகர் வீடுகளில் ஒருவர் இறக்கும் தறுவாயில், 'வீரராயன் பணம்' என்ற குட்டித் தங்கக் காசை நெய்யில் தோய்த்து விழுங்கக் கொடுப்பார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். அவர் சென்னை அருங்காட்சியகத்தை நடத்தியவர், அங்கிருந்த நாணயங்களுக்குப் பட்டியல் போட்டவர். அந்தக் காசு அரை கிராம்கூட வராது. ஆனால் குந்தா, தொதநாடு, மேக்குநாடு, பொரங்காடு என்ற நான்கு சீமைகளிலும் வாழ்ந்த ஒரு சமூகத்தின் கடைசி மரியாதை அதில் இருக்கிறது. இதற்கு 70-க்கு எத்தனை போடுவீர்கள்?

காசு மாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாயும் இதே கதைதான். கிரேடிங்கில் அதற்கு எண்ணே கிடைக்காது, 'டீடெயில்ஸ்' என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் வீட்டில் யாருடைய கழுத்தில் அது கிடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்போ ரேங்க்கே வேஸ்ட்டா?

அப்படியும் இல்லை. போலி நாணயம் மலிந்த சந்தையில், அசல் என்று ஒருவர் உறுதி சொல்வது பெரிய விஷயம். சேர்ப்பவருக்கு ஓர் இலக்கும் கிடைக்கிறது. 'பதிவு செய்யப்பட்டவற்றில், இந்த விதிகளின்படி முதலிடம்' என்றால் அது உண்மை. 'உலகிலேயே சிறந்தது' என்றால்தான் இடிக்குது.

உங்க கையில காசு இருந்தா...

* புளி, சாம்பல், பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீங்க. தேய்த்த கீறல் போகாது, மதிப்பு விழுந்துடும்.

* ஆண்டையும் அச்சுக்கூடக் குறியையும் பாருங்க. இன்றைய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா.

* 1911-ம் ஆண்டு ஜார்ஜ் ரூபாய் கிடைத்தால் உற்றுப் பாருங்க. மன்னரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரியுது என்று எதிர்ப்பு வந்து, அடுத்த ஆண்டே வடிவத்தை மாற்றினார்கள்.

* எஸ்டேட்டிலோ தோட்டத்திலோ தோண்டும்போது பழைய காசு கிடைத்தால், 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும்.

* 'பழைய காசுக்கு லட்சங்கள் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க' என்று மெசேஜ் வந்தால் பிளாக் பண்ணுங்க. இப்படித் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது.

* ஒவ்வொரு காசையும் தனிக் கவரில் போட்டு, யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்க. இந்த விவரம் தெரிந்த பெரியவங்க வீட்டில் இருக்கும்போதே கேட்டுடுங்க. கிரேடை எப்போது வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கலாம், இதை வாங்க முடியாது.