கபாலீசுவரர் குளத்து ஜிலேபி மீன் எங்கிருந்து வந்தது?



போன வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்து ரூபாய்க்குப் பொரி வாங்கிப் போட்டான். கொத்துக் கொத்தாய் மீன் வந்து வாயைப் பிளந்தது. "பாட்டி, இது எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, ஏன்?" என்றான். முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இந்த மாதிரி ஒரு கேள்வி போதும், ஒரு வாரம் தூக்கம் போய்விடும். நான் மீன் சாப்பிடுகிறவள் இல்லை. அதனால் சமையல் குறிப்பு கேட்காதீர்கள்.

நம் ஊர்க் குளங்களிலும் ஏரிகளிலும் அப்படிக் கூட்டமாய்த் தெரிவது பெரும்பாலும் ஜிலேபி மீன்தான். திலாப்பியா என்று புத்தகத்தில் போடுவார்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் பக்கத்து ஆறுகள்தான் அதன் தாய்வீடு. ஆசியாவுக்கு அது வந்த கதை வேடிக்கையானது. 1939-ல் ஜாவாத் தீவின் தெற்குக் கரையில், பிளித்தார் அருகே ஓர் ஆற்று முகத்தில் முஜைர் என்ற கிராமத்து மனிதர் இந்த மீனைக் கண்டெடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் பழக்கினார். அங்கே இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். பிழைத்தவை ஐந்தே மீன்கள் என்று சொல்வார்கள். அவற்றின் வாரிசுகள் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் மலேயா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று பரவி, இலங்கைக்கும் வந்தன. 1952-ல் இலங்கையிலிருந்து நம் மண்டபத்துக்கு வந்து இறங்கின. சுதந்திரம் வந்து ஐந்து வருஷம், நாடெங்கும் உணவுப் பற்றாக்குறை. சீக்கிரம் பெருகுகிற மீன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பெருகத்தான் பெருகியது. தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும், குஞ்சுக்கு ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். குளம் நிறைந்ததும் தீனி போதாமல் எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். 1959-லேயே மத்திய அளவில் மீன்வள ஆராய்ச்சிக் குழு இதை இனிப் பரப்ப வேண்டாம் என்று சொன்னது. அது அமராவதி அணைவரை போய், அங்கே மற்ற மீன்களை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் இலங்கையில் பராக்கிரம சமுத்திரம் போன்ற பெரிய குளங்களில் இதே மீன்தான் ஏழைகளின் சாப்பாட்டுத் தட்டை நிரப்பியது. அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இப்போது பேரன் கேள்விக்கு வருகிறேன். ஐந்து பேர் மட்டும் ஒரு தீவில் இறங்கி ஊர் உண்டாக்கினால், பத்துத் தலைமுறை கழித்து எல்லார் மூக்கும் ஒன்றாகத்தானே இருக்கும்? அப்படித்தான் இதுவும். எண்ணிக்கை கோடி இருக்கலாம், ரத்தத்தில் உள்ள வகைகள் கொஞ்சம்தான். அந்த வகைகள் இருந்தால்தான் புது நோய் வரும்போதும் தண்ணீர் சூடாகும்போதும் சிலதாவது தாங்கும்.

மீன் பண்ணைகளிலும் இதே சங்கடம் உண்டு. 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, கெண்டை இன மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். ஆற்றில் குஞ்சு பிடிக்க அலைய வேண்டாம் என்றானது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் பல குஞ்சுப் பொரிப்பகங்களில் சௌகரியத்துக்காக அதே சில ஜோடிகளையே வருஷா வருஷம் பயன்படுத்தினார்கள். அண்ணன் தங்கை வம்சம் கலந்து, குஞ்சுகள் வளராமல் நோஞ்சானாயின. இடம் மாற்றுவதும் நடந்தது. நாம் காவிரி மீன் என்று நினைக்கும் கட்லா, காவிரிக்காரரே இல்லை, கோதாவரியிலிருந்து கொண்டுவந்து விட்டது.

திருத்திக்கொண்டவர்களும் உண்டு. நார்வே நாட்டார் 1971 முதல் சால்மன் மீனை வளர்க்கத் தொடங்கியபோது, சுமார் 40 ஆறுகளிலிருந்து மீன் எடுத்துக் கலந்தார்கள். அந்தப் பாடத்தைப் பார்த்துத்தான் 1988-ல் பிலிப்பைன்ஸில் கிஃப்ட் திலாப்பியா வேலை ஆரம்பமானது. அது நைல் திலாப்பியா, ஜிலேபிக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆறுகளுக்கே போய்ப் புது ரத்தம் கொண்டுவந்தார்கள். நம் புவனேசுவரத்து விஞ்ஞானிகளும் 1992-ல் நார்வே உதவியோடு ரோகு மீனில் இதைச் செய்தார்கள். கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி என்று ஐந்து ஆற்று ரோகுவைச் சேர்த்தார்கள். 1997-ல், சுதந்திரப் பொன்விழா வருஷத்தில், அதற்கு ஜெயந்தி ரோகு என்று பெயர் வைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பெயர். என் முதல் பேட்ச் ஜெயந்திகள் மூன்று பேரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்!

கவனியுங்கள், இவர்கள் எல்லாரும் திரும்பிப் போனது ஆற்றுக்குத்தான். காட்டு மீன் இல்லாவிட்டால் பண்ணை மீனைச் சரிசெய்ய வழியே இல்லை. 1983-ல் தொடங்கி இப்போது லக்னோவில் இயங்கும் தேசிய மீன் மரபுவளப் பணியகம், ஆண் மீனின் விந்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்துச் சேமிக்கிறது. முட்டையை அப்படி உறைய வைக்க முடியவில்லை, மஞ்சள் கரு அதிகம். ஆகவே பாதி வம்சம்தான் பெட்டிக்குள் இருக்கிறது, மீதிக்கு உயிருள்ள ஆறு வேண்டும்.

நம் தெருவிலேயே இன்னொரு கதை. சாந்தோம் நெடுஞ்சாலையில் பஸ் போகும்போது உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தின் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1987-ல் ஏற்பட்டது. 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் நம் கடற்கரையின் புலி இறால் பண்ணைகளை அழித்தது. 2009 முதல் அமெரிக்கப் பக்கத்து வனாமி இறால் வந்தது. தாய் இறால்கள் விமானத்தில் வந்து நீலாங்கரையில் தனிமைப்படுத்தப்பட்டு, பிறகுதான் பொரிப்பகங்களுக்குப் போகின்றன. அந்த ஒரே வெளிநாட்டு இனத்தையே நம்பியிருப்பது சரியல்ல என்று சாந்தோம் நிலையத்தார் நம் கடலின் வெள்ளை இறாலை மேம்படுத்தும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஜிலேபி கதையில் ஒரு முடிச்சு பாக்கி. நாம் களை என்று திட்டும் அந்த மொசாம்பிக் மீன், தன் சொந்த ஊரில் இப்போது அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. லிம்போப்போ ஆற்றில் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து, அதன் தனி வம்சம் கரைகிறது. ஐந்து மீனின் வாரிசுகள் இங்கே குளம் கொள்ளாமல் நிற்க, மூல வம்சம் அங்கே தேய்கிறது!

என் அம்மா சின்ன வயதில் கிழக்கு மாட வீதியில் இருந்தவர். குளத்தில் வேறு மீன் பார்த்ததாகச் சொல்வார், பெயர் கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. 1952-க்கு முன்னால் அந்தக் குளத்தைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், கெண்டையா, கெளுத்தியா, விராலா, என்ன மீன் இருந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். எண்பது தாண்டியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள்.

— உங்கள் டீச்சர்