கைக்குழந்தையும் கப்பல் மூட்டையும்

சென்ற மாதம் என் அக்காள் மகளிடமிருந்து ஒரு ஜாபிதா வந்து சேர்ந்தது. அவளும் அவள் புருஷனும் பத்து மாதக் குழந்தையோடு சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறி, ஐந்து நாள் கடலில் சுற்றி வரப் போகிறார்களாம். 2022-ம் வருஷத்தில் இந்த மாதிரிக் கப்பல்கள் சென்னையிலிருந்தும் புறப்படத் தொடங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஜாபிதாவில் நாற்பத்திரண்டு சாமான்கள். முதலாவது, நாளொன்றுக்கு எட்டு வீதம் கணக்கிட்ட டயாப்பர். கடைசியானது, குழந்தை தூங்குவதற்காக மழை பெய்கிற ஓசையை எழுப்பும் சின்ன யந்திரம். தாயாருக்கென்று ஒரு புடவைகூட அதில் இல்லை. "ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் மாமா" என்று அடியில் ஒரு வரி.

நாவல் எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் அவள் கேட்டது என்னை அல்ல, வன்னியம்பட்டி வீட்டு மச்சில் கிடக்கும் தகரப் பெட்டியை என்று புரிந்தது. எங்கள் குடும்பத்தில் அவளுக்கு முன்பு கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவள் ஒருத்திதான் உண்டு. அவள் என் அப்பத்தா. இடுப்பில் இருந்த குழந்தை என் தகப்பனார்.

அது 1956-ம் வருஷம், ஆடி மாதம். என் பாட்டனார் மலாயாவில் கெடா மாநிலத்துக் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் நிறுக்கும் வேலையில் இருந்தார். லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனவர். 1953-லிருந்து மலாயாவில் புதிய குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. கண்டவர்கள் கப்பலேறிப் போய் இறங்க முடியாது. அங்கே இருப்பவரின் மனைவி, மக்கள் என்றால் வழியுண்டு. அப்பத்தா பாஸ்போர்ட் எடுத்தாள். அதிலேயே குழந்தையின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள்.

ஆடியில் யாராவது பிள்ளையோடு ஊரை விட்டுப் புறப்படுவார்களா என்று ஊரில் கேட்டார்களாம். ஆனால் நாளைக் குறித்தவர் ஜோசியர் அல்ல, அம்மை குத்துகிறவர். 1951-ல் ஏற்பட்ட சர்வதேசச் சுகாதார விதிகளின்படி, முதல் தடவை அம்மை குத்திக்கொண்டால் எட்டு நாள் கழித்துத்தான் அந்தச் சர்டிபிகேட் செல்லும். அதன்பின் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை. அது இல்லாத குழந்தையோடு போய் நின்றால் கப்பலுக்கு அம்மை வந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும். பினாங்குக்கு அருகே புலாவ் ஜெரஜா என்ற தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் ஒன்று இருந்தது. கப்பலில் ஒருவருக்கு அம்மை என்றாலும் டெக் பிரயாணிகளை அங்கே இறக்கிவிடுவார்கள். ஆகவே ஊசியின் தேதியை வைத்துக் கப்பல், கப்பலை வைத்து ரயில், ரயிலை வைத்து மூட்டை என்று எல்லாம் பின்னிருந்து முன்னால் நடந்தது. அம்மைத் தழும்பு என் தகப்பனார் புஜத்தில் எட்டணாக் காசு அளவுக்கு இன்றும் இருக்கிறது. 1980-ல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்த பிறகு பிறந்த பேரப்பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்து, "சூடுபட்டதா தாத்தா?" என்று கேட்கிறார்கள்.

கப்பலின் பெயர் ரஜூலா. அந்தக் காலத்தில் தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களில் இந்தப் பெயரைக் கேளாத கிராமம் இராது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காக 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆளெடுத்து, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். கட்டிய புதிதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. காபின் பிரயாணிகளோ சில டஜன் பேர். அந்த விகிதத்தைப் பார்த்தாலே கப்பல் யாருக்காகக் கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

டெக் பிரயாணி என்றால் யார்? 1923-ம் வருஷத்து இந்திய வியாபாரக் கப்பல் சட்டம் அதற்கு ஓர் இலக்கணம் சொல்லியிருக்கிறது. தனக்கென்று அறையில் இடம் ஒதுக்கப்படாத, பன்னிரண்டு வயது நிறைந்த பிரயாணி. ஒரு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாதவர்களாயின் இரண்டு பேரைச் சேர்த்து ஒருவராக எண்ணிக்கொள்ள வேண்டும். சரி, ஒரு வயது நிறையாதவர்கள்? அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை! இடம் எவ்வளவு, ஆள் எத்தனை என்று அளந்து சரிபார்க்கிற கணக்கில் ஒன்பது மாதத்துப் பிள்ளையான என் தகப்பனார் வெறும் பூஜ்யம்.

தோட்டக்காரர்களின் கணக்கு வேறு மாதிரி. 1860-ம் வருஷம் அக்டோபரில் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16-ம் தேதி டர்பனில் போய்ச் சேர்ந்தது. அதிலும் அதன் பின்னே சென்ற கப்பல்களிலும் போன கூலிகளின் பட்டிகள் இன்றும் இருக்கின்றன. பெயர், வயது, ஜாதி, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் வரிசையாக எழுதி, பிள்ளைகளுக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு வேலைக்கு ஆகிறவன் அல்லவா? கப்பல் பூஜ்யம் போட்ட இடத்தில் தோட்டம் நம்பர் போட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்காகத் தாய்மார் மூட்டையில் என்ன முடிந்துகொண்டு போனார்கள் என்பதற்கு எந்தப் பட்டியிலும் ஒரு பத்தி கிடையாது. அதனால்தான் இந்தத் தகரப் பெட்டியைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

பெட்டியில் பாட்டனாருக்கென்று போனது இரண்டு வேஷ்டியும் ஒரு டப்பா சாத்தூர்ச் சேவும். மற்றதெல்லாம் பூஜ்யத்துக்கு! பழைய நூல் புடவைகளைக் கிழித்து, துவைத்து மடித்த துண்டுகள் அறுபது. கிழிக்காத புடவை ஒன்று, தூளிக்கு. கேழ்வரகை ஊற வைத்து அரைத்து, துணியில் வடித்து நிழலில் உலர்த்திய மாவு ஒரு படி. கருப்பட்டி. விளக்கெண்ணெய். பாலாடை. கடல் மயக்கத்துக்கு நார்த்தங்காய் ஊறுகாய், எலுமிச்சம்பழம் இருபது. இவை தவிர, பெட்டியில் வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்ட ஒரு மஞ்சள் பை. அதில்தான் உரைகல்லும் உரைமருந்தும்: வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய். இரவில் வசம்பின் பேரைச் சொல்லக்கூடாது என்பதால், இந்தக் கதையை விளக்கு வைத்த பிறகு சொல்லும்போது அப்பத்தா 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்வாள். பித்தளைக் கூஜா நிறைய வன்னியம்பட்டிக் கிணற்றுத் தண்ணீர். தண்ணீர் மாறினால் பிள்ளைக்குச் சேராதே! ஐந்து நாள் கப்பலுக்கு ஒரு கூஜாத் தண்ணீர் எந்த மூலைக்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எடுத்துப் போயிருப்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலேறி, விருதுநகர், மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று மாறி மாறி நாகப்பட்டினம். துணைக்கு வந்த மாமனாரின் தம்பி கடற்கரையோடு நின்றுவிட்டார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி வருவதற்குத் தகுந்த ஆழம் இல்லை. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஆடிக் காற்றில் படகு ஓர் ஆள் உயரம் எழும்பும், ஓர் ஆள் உயரம் தாழும். எழும்புகிற அந்த நொடியில் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏணித் தட்டில் நின்ற லஸ்கர் குனிந்து கையை நீட்டி, "பச்சா, பச்சா!" என்று கத்தினான். "பச்சையா என்னத்தக் கேக்கிறான்னு எனக்கு விளங்கலையா" என்பாள் அப்பத்தா. அவன் குழந்தையைக் கேட்கிறான் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். படகு எழும்பியது. முகம் தெரியாத ஒருவன் கையில், கடலுக்கு மேலே, பிள்ளையைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். தோளிலிருந்த மஞ்சள் பை நழுவிப் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே விழுந்தது.

உரைகல் உள்ளே இருந்ததால் பை ஒரு கணம்கூட மிதக்கவில்லை. அந்தப் பிரயாணத்தைப் பற்றி எப்போது சொன்னாலும் அவள் முதலில் சொல்வது இதைத்தான்.

கீழ்த்தளத்தில் பாய் விரித்தார்கள். மேலே ஓடிய இரும்புக் குழாயில் யாரோ தூளியைக் கட்டிக் கொடுத்தார்கள். கப்பல் ஒருபுறம் சாயும், மறுபுறம் சாயும். பெட்டிகள் நகரும், கூஜா உருளும். தூளி மட்டும் நேராகத் தொங்கும். உண்மையில் தளம்தான் ஆடுகிறது, தூளி ஆடுவதில்லை. ஐரோப்பிய மாலுமிகள் இந்த வித்தையை அமெரிக்கப் பழங்குடிகளிடம் கற்றுக்கொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் தொங்கு படுக்கையில் தூங்கினார்கள். வன்னியம்பட்டிக்காரிக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கப்பலில் நன்றாகத் தூங்கிய ஒரே பிரயாணி என் தகப்பனார்தான்.

தூங்கினாரே தவிர, குடிக்கவில்லை. இரண்டாம் நாள் தொடங்கி அப்பத்தாவுக்குக் கடல் மயக்கம். எலுமிச்சம்பழம் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர்கூட வயிற்றில் நிற்காதவளுக்குப் பால் எப்படிச் சுரக்கும்? கப்பல் சமையல்காரனைப் பண்டாரி என்பார்கள். அவனிடம் யாரோ வெந்நீர் வாங்கி வந்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். பிள்ளை துப்பிவிட்டது. அடுத்த பாய்க்காரர் ஒருவர், அடிக்கடி போய் வருகிறவர், டின் பாலைத் திறந்து கரைத்துக் கொடுக்கச் சொன்னார். மலாயாவில் எல்லோரும் அதைத்தான் கொடுக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. சிங்கப்பூரில் குழந்தை வைத்தியராக இருந்த ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அம்மாள் 1939-ல் அவ்வூர் ரோட்டரி சங்கத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. கெட்டியான சர்க்கரைப் பாலைக் குழந்தைக்கு உகந்தது என்று விளம்பரம் செய்து விற்பதைக் கொலை என்றே எண்ண வேண்டும் என்று, கம்பெனிக்காரர்கள் காதில் படும்படி சொன்னார். இந்த விளம்பரங்களைக் கட்டுப்படுத்த உலக சுகாதார மன்றம் விதி செய்தது 1981-ல். நாற்பத்திரண்டு வருஷம்!

அப்பத்தாவுக்கு ஸிஸிலி அம்மாளையும் தெரியாது, ரோட்டரியையும் தெரியாது. டின்னைத் திறக்கட்டுமா என்று அவர் கேட்டபோது என்ன நடந்தது என்பதை அவள் ஐம்பது வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. 2008-ல், படுத்த படுக்கையான பிறகு, வீட்டில் நான் மட்டும் இருந்த ஒரு மத்தியானம் சொன்னாள்.

பக்கத்தில் நாலு மாதக் குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். நாங்கள் புழங்காத ஜாதி. முதல் நாளே அது தெரிந்து, அப்பத்தா தன் பாயை ஒரு முழம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாளாம். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியபோது அவள்தான் எழுந்து வந்தாள். "குடுக்கட்டுமா தாயி?" என்று கேட்டாள்.

"நான் தலைய ஆட்டுனேனா, ஆட்டலையான்னு எனக்கே தெரியாதுய்யா. கண்ணத் தொறந்து பாத்தா உங்கப்பன் அவ மடியில கெடக்கான்."

இரண்டு நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் பினாங்கு. பாட்டனார் கரையில் நின்றார். அந்தப் பெண் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போகிறவள், கப்பலிலேயே இருந்தாள்.

"பேர் கேட்டாயா அப்பத்தா?"

"அவ என் பேரக் கேட்டா. நான் கேக்கல."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என் தகப்பனாரிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வெகு நாள் யோசித்து, அப்பத்தாவின் வருஷத் திதி கழிந்த பின் சொன்னேன். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்த மனிதர். எதற்கும் லேசில் கலங்க மாட்டார். சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்றா சொன்னாள்?" என்று மட்டும் கேட்டார். 1972-லேயே போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்றேன். தலையை அசைத்தார்.

அவர்கள் திரும்பி வந்தது 1970-ல். முந்தின வருஷக் கலவரத்துக்குப் பின், பிரஜா உரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கெடுபிடியாகி, சுமார் 60,000 இந்தியர்கள் மலேசியாவை விட்டுப் புறப்பட்டார்கள். அதே ரஜூலா, அதே கீழ்த்தளம், அதே தகரப் பெட்டி. இந்தத் தடவை தகப்பனாருக்குப் பதினாலு வயது. சட்டப்படி முழுப் பிரயாணி. 1973-ல் கப்பலை இந்தியக் கப்பல் கார்ப்பரேஷன் வாங்கியது. மறு வருஷமே உடைத்துவிட்டார்கள். பின்னால் அந்த மார்க்கத்தில் ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அத்தோடு பிரயாணிக் கப்பலே நின்று போயிற்று. அப்புறம் ஆகாய விமானம்தான்.

அக்காள் மகளின் ஜாபிதாவுக்கு வருகிறேன். உயிர்காப்பு மிதவைச் சட்டை ஒன்று குழந்தைக்காக வாங்க வேண்டுமா என்று அதில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். வேண்டாம் என்று எழுதினேன். 2010 முதல் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதியில், இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணமானால் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஏற்ற சட்டை ஒன்று கப்பலிலேயே இருக்க வேண்டும். பூஜ்யம் ஒன்றாகிவிட்டது! மழை யந்திரத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'பழைய நூல் புடவை 1' என்று எழுதினேன். உரைமருந்தைப் பெட்டியில் வைக்கவும், தோளில் மாட்ட வேண்டாம் என்றும் சேர்த்தேன். ஏன் என்று அவள் கேட்டாள். நேரில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

மறுநாள் அவளிடமிருந்து இன்னொரு கேள்வி வந்தது. கப்பல் அறையில் தூளி கட்டுவதற்குக் கொக்கி இருக்குமா என்று.