அயர்லாந்தின் ஊரும் பேரும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் வரலாறாகவும் போர்களின் வரலாறாகவும் படித்துப் பழகியவர்கள் நாம். பள்ளிக்கூடப் பாடநூல்களும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்துள்ளன. ஆனால், சிறு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, வைக்கோல் வேய்ந்த மண்குடிசையில் வாழ்ந்து, பஞ்சம் வந்தபோது கப்பலேறிப் போன ஏழைக் குடியானவனுக்கும் வரலாறு உண்டல்லவா? அவன் வழித்தோன்றல் இன்று வேற்று நாடொன்றில் வாழ்கின்றான். ‘எங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தனர்?’ என்று அவன் கேட்கின்றான். இக்கேள்விக்கு விடை காண்பது எத்துணை அரிது என்பதையும், அரிதாயினும் அது எவ்வாறு கைகூடுகின்றது என்பதையும் அயர்லாந்து மக்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1841ஆம் ஆண்டில் அயர்லாந்துத் தீவின் குடிசனத் தொகை ஏறக்குறைய 81 இலட்சத்து 75 ஆயிரம். பத்தாண்டுகள் கழித்து, 1851இல் கணக்கெடுத்தபோது அது 65 இலட்சத்து 52 ஆயிரமாகக் குறைந்திருந்தது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே நிகழ்ந்ததே பெரும் பஞ்சம். 1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குச் செடிகளை ஒருவகைப் பூஞ்சண நோய் பற்றியது. வயலில் பசுமையாக நின்ற பயிர் சில நாட்களில் கருகிற்று. தோண்டி எடுத்த கிழங்கும் குழியிலேயே அழுகிற்று. ஏழைக் குடிகளுக்கு அக்கிழங்கைத் தவிர வேறு உணவு இல்லை. விளைந்த தானியமும் வளர்த்த கால்நடையும் நிலக்கிழாருக்குச் செலுத்தும் குத்தகையாகிக் கப்பலேறின. ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதன் பின்னரும் வெளியேற்றம் நிற்கவில்லை. இன்று தீவு முழுவதிலும் ஏறத்தாழ எழுபது இலட்சம் மக்களே வாழ்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாத்திரம், தம்மை அயர்லாந்து வழிவந்தோர் எனக் கூறிக்கொள்வோர் மூன்று கோடிக்கும் அதிகம். வேர் ஓரிடத்தில், கிளைகளோ உலகெங்கும்.

இக்கிளையினர் தம் வேரைத் தேடப் புகும்போது முதலில் எதிர்ப்படும் இடர் ஊர்ப்பெயரே. பாட்டன் சொன்னதாகக் குடும்பத்தில் வழங்கும் செய்தி, ‘நாங்கள் அயர்லாந்துக்காரர்’ என்பதோடு முடிந்துவிடும். மிஞ்சினால் ஒரு மாவட்டத்தின் பெயர் தெரியும். அது போதாது. அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பிரிவு ‘டவுன்லாந்து’ எனப்படும். பெயரைக் கேட்டு நகரம் என்று எண்ணிவிடலாகாது. சில வீடுகளும் வயல்களும் சேர்ந்த சிற்றூர் அது. அத்தகைய சிற்றூர்கள் அறுபதினாயிரத்துக்கும் மேல் உள்ளன. ஒரே பெயர் பல மாவட்டங்களில் வரும்.

அப்பெயர்களும் பலமுறை உருமாறியவை. 1824ஆம் ஆண்டு தொடங்கிய நில அளவையின்போது, நாடு முழுவதும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைபடங்கள் எழுதப்பட்டன. அப்போது கேலிக் மொழியில் வழங்கிய ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் அமைக்கப்பட்டன. ஜோன் ஒடொனவன் என்னும் மொழியறிஞர் ஊர் ஊராகச் சென்று, முதியோரிடம் கேட்டு, பெயர்களின் மூலத்தை ஆராய்ந்து எழுதினார். ‘பலி’ என்று தொடங்கும் பெயர் பெரும்பாலும் ஊரைக் குறிக்கும். ‘கில்’ என்று தொடங்குவது சில இடங்களில் கோயிலையும், சில இடங்களில் காட்டையும் குறிக்கும். கேலிக் மொழியில் வெவ்வேறாக ஒலித்த இரு சொற்கள் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டன. பின்னர் நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி வேறு பெயர்களும் மாறின. ‘அரசன் மாவட்டம்’ எனப் பொருள்படும் கிங்ஸ் கவுண்டி, ஒஃபலி ஆயிற்று. குயின்ஸ்டவுன் துறைமுகம் கோவ் ஆயிற்று. மக்களின் குடிப்பெயர்களும் இவ்வாறே. முன்னிருந்த ‘ஓ’ என்பதும் ‘மக்’ என்பதும் ஒரு தலைமுறையில் மறையும், மறு தலைமுறையில் திரும்பி வரும்.

இரண்டாவது இடர் ஆவணங்களின் அழிவு. 1821ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசனக் கணக்கு எடுக்கப்பட்டது. அவ்வேடுகள் இருந்திருப்பின் தேடுவோரின் பாடு எளிதாகியிருக்கும். ஆனால், 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் ஏடுகளைத் தொகை கண்டபின் அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஆகிய ஆண்டுகளின் ஏடுகள் முதலாம் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. அவற்றுக்கு முந்திய நான்கு கணக்குகளின் ஏடுகள் டப்ளின் நகரத்தில், ‘நான்கு நீதிமன்றங்கள்’ எனப்படும் கட்டடத் தொகுதியைச் சேர்ந்த ஆவணக் களரியில் இருந்தன. 1922ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, உள்நாட்டுப் போரின் நடுவே, வெடிப்பும் தீயும் அக்களரியை அழித்தன. பல நூற்றாண்டு ஆவணங்கள் ஒரே நாளில் சாம்பலாயின. குடிசன ஏடுகளிற் சில துண்டுகளே எஞ்சின. மரண சாசனங்களும், அயர்லாந்துத் திருச்சபைப் பதிவேடுகளிற் பாதிக்கு மேற்பட்டவையும் எரிந்துபோயின. இவ்விழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யும் பொருட்டு, பிற நாட்டு நூலகங்களிலும் களரிகளிலும் கிடக்கும் பிரதிகளைத் திரட்டி, அழிந்த களரியைக் கணினியில் மீண்டும் அமைக்கும் முயற்சியொன்று 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது.

அப்படியாயின் எஞ்சியவை யாவை? 1823 முதல் 1837 வரை எழுதப்பட்ட தசமபாக வரி ஏடுகள் உள்ளன. கத்தோலிக்கரான உழவரும் அயர்லாந்துத் திருச்சபைக்கு அவ்வரியைச் செலுத்த வேண்டியிருந்தது. அதற்காக நிலம் வைத்திருந்தோரின் பெயர்கள் எழுதப்பட்டன. அடுத்து, 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிறிஃபித் மதிப்பீட்டு ஏடு. றிச்சட் கிறிஃபித் என்பாரின் மேற்பார்வையில், ஏழைகள் பராமரிப்புக்கான வரியை விதிப்பதற்காக, ஒவ்வொரு சிற்றூரிலும் காணியையும் வீட்டையும் வைத்திருந்தவர் யார், அவர் யாரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார், பெறுமதி என்ன என்பன பதியப்பட்டன. குடிசன ஏடுகள் அழிந்தமையால், வரிக்காக எழுதிய இந்த ஏடே இன்று குடிகளின் பெயர்ப்பட்டியலாக நின்று உதவுகின்றது.

இங்கே நேயர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இவ்வேடுகளை எழுதியவர் எவரும் ஏழையை நினைவிற் கொள்வதற்காக எழுதவில்லை. அவனிடம் பணம் பெறுவதற்காகவே எழுதினர். நிலமே இல்லாத கூலியாளின் பெயரை எழுத அவர்களுக்குத் தேவை இல்லை. ஆகவே வறியவரிலும் வறியவர் ஏட்டுக்கு வெளியே நின்றுவிட்டனர்.

ரொஸ்கொமன் மாவட்டத்தைச் சேர்ந்த பலிகில்க்ளைன் என்னும் சிற்றூரின் கதை இதற்கு நல்ல சான்று. 1834ஆம் ஆண்டில் அவ்வூர் நிலம் பிரித்தானிய முடியின் நேரடி நிருவாகத்துக்கு வந்தது. அதன்பின் குடிகள் குத்தகை கொடுக்க மறுத்தனர். மறுப்பு ஓராண்டு ஈராண்டில் முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதிகாரிகள் அறிவித்தல்கள் அனுப்பினர், குடிகள் விண்ணப்பங்கள் எழுதினர், வழக்குகள் நடந்தன. ஈற்றில் 1847, 1848ஆம் ஆண்டுகளில், முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, அரசாங்கச் செலவில் லிவர்ப்பூல் வழியாக நியூயோர்க்குக்கு அனுப்பப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. பணிந்து குத்தகை கொடுத்த அயலூரார் எத்தனையோ பேரின் பெயர் மறைந்துவிட்டது. பணிய மறுத்த இவ்வூராரின் பெயர்களோ அரசாங்கத்தின் கோவைகளிலேயே கட்டுக்கட்டாகக் காக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு வரலாற்றாசிரியர்கள் ஊரின் வாழ்வை எழுதினர். அமெரிக்காவில் வெர்மொன்ட் மாநிலம் முதலிய இடங்களிற் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைக் கண்டறிந்தனர்.

பணத்துக்காக எழுதப்படாத ஏடுகளும் உண்டு. பங்குக் குருமார் எழுதிய ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் அத்தகையன. பிள்ளையின் பெயர், தகப்பனின் பெயர், தாயின் பிறந்தவீட்டுக் குடிப்பெயர், ஞானப் பெற்றோரின் பெயர் ஆகியன அவற்றில் இருக்கும். பல இலத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. நாட்டுப்புறப் பங்குகள் பலவற்றில் 1820ஆம் ஆண்டுக்குப் பின்னரே அவை தொடங்குகின்றன. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்தமையால் 1922இன் தீக்குத் தப்பின. அவற்றின் பிரதிகளை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015ஆம் ஆண்டு இணையத்தில் கட்டணமின்றி வெளியிட்டது. தப்பிப் பிழைத்த 1901, 1911ஆம் ஆண்டுகளின் குடிசனக் கணக்குகளையும் இன்று எவரும் அவ்வாறே பார்வையிடலாம்.

கடலுக்கு அப்பாலும் சான்றுகள் உள. பொஸ்டன் நகரத்தில் வெளிவந்த ‘பைலட்’ என்னும் பத்திரிகை, 1831 முதல் 1921 வரை, ‘காணாமற்போன நண்பர்கள்’ என்ற தலைப்பில் விளம்பரங்களை வெளியிட்டது. கணவனைத் தேடும் மனைவி, தமையனைத் தேடும் தங்கை, மகனைத் தேடும் தாய் ஆகியோர் அவற்றைக் கொடுத்தனர். தேடப்படுபவர் பிறந்த சிற்றூர், பங்கு, மாவட்டம், கப்பலேறிய ஆண்டு, கடைசியாகத் தொழில் செய்த இடம் ஆகியவற்றை அவர்கள் விவரித்தனர். பெயரொத்தவர் பலராகையால், ஊரைச் சொன்னாலன்றி ஆளை அறிய இயலாது என்பது அவர்களுக்குத் தெரியும். அன்று உடன்பிறந்தாரைத் தேடி எழுதிய அவ்வரிகளே இன்று வழித்தோன்றல்களுக்கு வழிகாட்டுகின்றன.

பெயரொற்றுமை எத்துணைப் பிழைக்கு இடமாகும் என்பதற்கு அனி மூர் என்ற பெண்ணின் கதையைக் கூறலாம். 1892ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் நியூயோர்க் துறைமுகத்தில் எலிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறக்கப்பட்டபோது, முதலாவதாகப் பதியப்பட்டவள் அவள். கோர்க் மாவட்டத்திலிருந்து இரு தம்பியருடன் வந்த பதினேழு வயதுப் பெண். அவள் பின்னர் மேற்கே சென்று டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்தாள் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினர். 2006ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் உண்மையைக் கண்டனர். டெக்சாஸில் வாழ்ந்தவள் அமெரிக்காவில், இலினோய் மாநிலத்தில் பிறந்த வேறொருத்தி. உடன் வந்த தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம் உண்மையான குடும்பத்துக்கு வழிகாட்டிற்று. கப்பலில் வந்த அனி நியூயோர்க்கின் நெருக்கமான ஏழைக் குடியிருப்பிலேயே வாழ்ந்தாள், பிள்ளைகள் பலரைப் பெற்று, அவர்களிற் பாதிப்பேரை இளமையிலேயே இழந்தாள், 1924இல் இறந்தாள். அவள் கல்லறையிற் பெயர் பொறித்த கல்லும் இல்லை. 2008ஆம் ஆண்டிலேயே அங்கு கல் நாட்டப்பட்டது. மேற்கே சென்ற வீரப்பெண்ணின் கதை கேட்க இனிதாயிருந்தது; அதனால் எவரும் ஐயுறவில்லை. குடும்ப வரலாறு தேடுவோர் முதலில் ஐயுற வேண்டியது தம் மனத்துக்கு இனிக்கும் கதையையே.

சரியாகத் தேடினால் கிடைப்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஒஃபலி மாவட்டத்தின் எல்லையில் மனிகால் என்ற கிராமம் உள்ளது. முந்நூறு பேரளவில் வாழும் சிற்றூர். பாதணி செய்வோர் ஒருவரின் மகனாகிய ஃபல்மத் கேர்னி என்ற இளைஞன், 1850ஆம் ஆண்டு அங்கிருந்து அமெரிக்கா சென்றான். ஒஹையோ மாநிலத்தில் முன்பே சென்றிருந்த உறவினரை நாடியே அக்குடும்பம் புறப்பட்டது. 2007இல் ஆராய்ச்சியாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அவ்வூர்ப் பகுதிக்குப் பொறுப்பான அயர்லாந்துத் திருச்சபைக் குருவானவர் பழைய பதிவேடுகளைத் தேடி, கேர்னி குடும்பத்தின் பதிவுகளைக் கண்டெடுத்தார். அந்த இளைஞன், தாய் வழியில் பராக் ஒபாமாவுக்கு ஐந்து தலைமுறைக்கு முந்திய பாட்டன். 2011ஆம் ஆண்டு மே 23ஆம் திகதி, அமெரிக்க சனாதிபதியாக ஒபாமா அச்சிற்றூர்த் தெருவில் நடந்தார். கடலுக்கு அப்பால் ஒரு குடும்பத்தின் வழிமுறையும், இப்பால் ஒரு திருச்சபையின் ஏடும் ஒன்றையொன்று சந்தித்ததனாலேயே அது கைகூடிற்று.

அயர்லாந்தும் போனவர்களை மறக்கவில்லை. 1990இல் சனாதிபதியாகத் தெரிவான மேரி றொபின்சன், புலம்பெயர்ந்தோரின் நினைவாகத் தம் மாளிகையின் சாளரத்தில் ஒரு விளக்கை ஏற்றிவைத்தார். 1998ஆம் ஆண்டு திருத்தப்பட்ட அரசியலமைப்பு, வெளிநாடுகளில் வாழும் அயர்லாந்து வழியினரோடு தன் நாட்டுக்குள்ள உறவைப் போற்றிக் கூறுகின்றது. அத்தீவில் பிறந்த பாட்டனையோ பாட்டியையோ கொண்டவர், பிறநாட்டிற் பிறந்தாராயினும், பதிவு செய்து குடியுரிமை பெறலாம். ஆகவே முன்னோரின் பிறந்த ஊரை அறிவது சிலருக்கு உணர்ச்சியைப் பொறுத்தது மாத்திரமன்று, உரிமையைப் பொறுத்ததுமாகும்.

ஆயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. வேரைத் தேடுவோர் அனைவரும் பிழைத்தவர்களின் பிள்ளைகள். கனடாவின் சென் லோரன்ஸ் ஆற்றிலுள்ள குரோஸ் தீவில், 1847ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம், கப்பற் காய்ச்சலால் இறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுட் பலருக்கு வழித்தோன்றல் இல்லை. அவர்கள் ஊரைத் தேடி எவரும் வரப்போவதில்லை. அவர்களுக்காக 1909ஆம் ஆண்டில் அத்தீவின் உச்சியில் பெரிய கற்சிலுவையொன்றை அயர்லாந்து வழியினர் நாட்டினர். தன் பாட்டனின் பெயரைத் தேடி ஓர் ஏட்டைப் புரட்டுபவன், அதே பக்கத்தில், தேடுவாரில்லாத பல பெயர்களையும் கண்ணாற் காண்கின்றான். அவற்றையும் நின்று வாசித்துச் செல்வானாயின், அவன் தன் குடும்பத்துக்கு மாத்திரமன்றி ஓர் ஊருக்கே கடமை செய்தவனாவான்.

ஏடுகள் எரியலாம், கூழாகலாம், பெயர்கள் உருமாறலாம். பிறந்த சிற்றூரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சென்ற குடும்பங்களே அயர்லாந்தில் எளிதாகத் தம் வேரைக் கண்டன. சொல்லாது விட்ட குடும்பங்கள் அறுபதினாயிரம் ஊர்களுக்கிடையே இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் முதியோர் இருக்கும்போதே ஊரையும் பேரையும் கேட்டு எழுதிவைப்பது நலம்.