புதுக்கோட்டைக்காரர்கள் எழுதாத ஆங்கிலப் பேச்சுத் தேர்வு

கையில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். அதில் ஒரு தலைப்பும் கீழே சில குறிப்புகளும் இருக்கும். யோசிக்க ஒரே ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் வரை ஆங்கிலத்தில் பேச வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையைக்கூட ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதி இதுதான். மொத்தமே 11 முதல் 14 நிமிடம். ஆனால் கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும், மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். பேச்சில் அரை பேண்டு குறைந்து வெளிநாட்டு அட்மிஷனைத் தவறவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி பக்கத்திலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறி இந்தத் தேர்வுக்குப் போகிற மாணவனுக்கு, "இங்கிலீஷ் பேசுறதெல்லாம் நம்ம ஊருக்கு வராதுப்பா" என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருக்கும். இது உண்மையா? சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் வேறு ஒரு கதை கிடைக்கிறது.

ஒரே கல்லூரி, இரண்டு பேர்

புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட ஊர். இன்று மன்னர் கல்லூரி என்று அழைக்கப்படும் கல்லூரி 1880ல் உருவானது. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலம் அது.

அந்தக் கல்லூரியில் 1904ல் ஒரு பெண் சேர வந்தார். பெயர் முத்துலட்சுமி. 1886ல் பிறந்தவர். தந்தை நாராயணசாமி அய்யர் அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912ல் டாக்டரானார். இவர்தான் பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அதே கல்லூரியில் படித்த இன்னொருவர் திருமயத்தைச் சேர்ந்த சத்தியமூர்த்தி. 1887ல் பிறந்தவர், முத்துலட்சுமியைவிட ஒரு வயது சின்னவர். பிறகு சென்னை கிறித்துவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1919ல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக லண்டன் போனார். மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தம் பற்றிய விவாதம் சூடாக இருந்த நேரம். ஆங்கிலேயனின் ஊரிலேயே, ஆங்கிலேயனின் மொழியிலேயே இந்தியாவுக்காகப் பேசும்போது திருமயத்துக்காரருக்கு வயது 32 தான்.

இருவரும் நேருக்கு நேர்

இனிமேல்தான் சுவாரஸ்யமே! இந்த இரண்டு பேரும் பிற்காலத்தில் ஒரே அவையில் உட்கார்ந்தார்கள், சென்னை சட்டமன்றத்தில். சத்தியமூர்த்தி 1923 முதல் சுயராஜ்யக் கட்சி சார்பில் உறுப்பினர். முத்துலட்சுமி ரெட்டி 1927ல் அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்.

அந்த அவையின் அலுவல் மொழி ஆங்கிலம். ஆங்கிலம் சரளமாகத் தெரியாத உறுப்பினர் மட்டும் தாய்மொழியில் பேசலாம் என்று விதி இருந்தது. ஆக, அங்கே எழுந்து நின்று பேசுவதே ஒரு ஆங்கிலத் தேர்வு மாதிரிதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் உண்டு.

1927ல் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். கோயில் மரபிலும் சடங்கிலும் சட்டம் கை வைக்கக் கூடாது என்ற பக்கம் நின்றார் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலம் படித்த இருவர், அதே ஆங்கிலத்தில் எதிர் எதிர் பக்கம்!

இதில் யாருடைய ஆங்கிலம் உயர்ந்தது என்று கேட்டால், பேச்சாளர் என்று நாடெங்கும் பெயர் வாங்கியவர் சத்தியமூர்த்திதான். ஆனால் இந்த விஷயத்தில் நிலைத்தது முத்துலட்சுமியின் வாதம். கோயில் சேவைக்காக விடப்பட்ட மானிய நிலங்களை, சேவை செய்யாமலேயே அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ள வழி செய்யும் சட்டத் திருத்தம் 1929ல் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தையே தடை செய்யும் சட்டம் 1947ல் நிறைவேறியது. காரணம் என்ன? அந்தப் பெண்களின் வாழ்க்கை அவருக்கு வீட்டிலிருந்தே தெரியும். டாக்டர் என்பதால் அவர்களுடைய உடல்நிலையும் தெரியும். சொல்ல விஷயம் இருந்தது. மொழி அதைச் சுமந்து போனது, அவ்வளவுதான்.

துணைக் கேள்வி என்ற ஆயுதம்

சத்தியமூர்த்தி 1935ல் டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனார். அங்கே கேள்வி நேரம் என்றால் அவர் பெயர்தான். கேள்வி நேரம் எப்படி நடக்கும் தெரியுமா? உறுப்பினர் முன்கூட்டியே கேள்வியை எழுதிக் கொடுப்பார். அரசாங்கத் தரப்பு பதிலைத் தயார் செய்து எடுத்து வந்து வாசிக்கும். இதுவரை எல்லாம் மனப்பாடம் மாதிரி ஓடும். அதற்குப் பிறகு வருவதுதான் துணைக் கேள்வி. வாசித்த பதிலில் இருந்தே ஒரு நூலைப் பிடித்து, அந்த இடத்திலேயே அடுத்த கேள்வியைப் போடுவது. அதற்கு எழுதி வைத்த பதில் கிடையாது. அதிகாரிகள் தடுமாறியது அங்கேதான்.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வும் ஏறக்குறைய இந்த அமைப்பில்தான் இருக்கிறது. முதல் பகுதியில் வீடு, படிப்பு, பொழுதுபோக்கு பற்றிச் சாதாரணக் கேள்விகள். இரண்டாம் பகுதியில் அட்டையைப் பார்த்துப் பேசுவது. மூன்றாம் பகுதியில் அதே தலைப்பை ஒட்டி, "ஏன் அப்படி?", "முன்பு எப்படி இருந்தது?", "எல்லோருக்கும் இது பொருந்துமா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். சத்தியமூர்த்தி போட்ட துணைக் கேள்விகளின் தம்பி இது. முதல் இரண்டு பகுதியை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள் மூன்றாம் பகுதியில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

தேர்வு பிறந்த கதை

பேச்சையும் சேர்த்துச் சோதிக்கும் ஆங்கிலத் தேர்வை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913ல் தொடங்கியது. எழுத்துத் தேர்வோடு, சொல்வதெழுதுதலும், வாசித்துக் காட்டி உரையாடுவதும் அதில் இருந்தன. முதல் வருடம் எழுதியவர்கள் மொத்தம் மூன்றே பேர். மூன்று பேரும் ஃபெயில்! இன்று ஒரு முறை தவறியவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அமெரிக்காவின் டோஃபல் 1964ல் வந்தபோது அதில் பேச்சுப் பகுதியே கிடையாது. 2005ல் இணையவழித் தேர்வு வந்தபோதுதான், மைக்கில் பேசிப் பதிவு செய்யும் பகுதி அதில் சேர்ந்தது. ஐஇஎல்டிஎஸ் 1989ல் தொடங்கியது. பேச்சுத் தேர்வு இன்றைய மூன்று பகுதி அமைப்புக்கு வந்தது 2001ல்.

மொழித் தேர்வுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அந்தக் கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. அந்த நாட்டுக்கும் புதுக்கோட்டைக்கும் ஒரு உறவு இருக்கிறது. முத்துலட்சுமியைக் கல்லூரியில் சேர்த்த அதே மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான், 1915ல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பிரிட்டிஷ் அரசு அந்தத் திருமணத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை.

அதே காலத்தில், வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறாமல் தடுக்க ஆஸ்திரேலியா பயன்படுத்திய ஆயுதம் ஒரு மொழித் தேர்வு. 1901ல் சட்டம் போட்டார்கள். அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது வார்த்தை வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறு மொழியைக் கொடுக்கலாம். 1909க்குப் பிறகு ஒருவர்கூட அதில் தேறவில்லை. 1934ல் எகான் கிஷ் என்ற எழுத்தாளருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்திருந்ததால், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்! வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அது செல்லாது என்று தீர்ப்பானது. இந்தத் தேர்வு ஒழிந்தது 1958ல்.

அந்த நாட்டுக்கு 1922ல் பேசுவதற்காகவே போனார் ஒரு தமிழர். வலங்கைமானில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய சீனிவாச சாஸ்திரி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கே குடியேறியிருந்த இந்தியர்களின் உரிமைக்காக மேடை மேடையாகப் பேசினார். 1925ல் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இந்தியர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்தது. அதில் அவருடைய பேச்சுக்கும் பங்கு உண்டு.

இன்றைய தேர்வு அந்தப் பழைய தேர்வு மாதிரி இல்லை. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு அளவுகோல்கள். நான்குக்கும் சம மதிப்பு. பிரிட்டிஷ்காரர் மாதிரி மூக்கால் பேச வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவே. தமிழ் வாடை அடிப்பது குற்றம் அல்ல.

அப்படியானால் எப்படித் தயாராவது?

இந்த வரலாறு சொல்லும் பாடம் ரொம்ப எளிமையானது. தெரிந்த விஷயத்தைப் பேச வேண்டும். "உங்கள் ஊரில் ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பார்க்காத பாரிஸ் எதற்கு? திருமயம் கோட்டை இருக்கிறது, சித்தன்னவாசல் ஓவியம் இருக்கிறது. ஆவுடையார்கோயில் கல் கொடுங்கையைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியாதா? அடுத்தது, ஒவ்வொரு பதிலுக்கும் நண்பனை விட்டு இரண்டு துணைக் கேள்வி கேட்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, எதிர்ப் பக்கத்தையும் ஒரு முறை வாதாடிப் பார்க்க வேண்டும். பேச்சை செல்போனில் பதிவு செய்து கேட்டால், எங்கே திக்குகிறது என்று தானே தெரியும்.

"அவர்கள் எல்லாம் பெரியவர்கள். முத்துலட்சுமியின் அப்பா கல்லூரி முதல்வர். வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத நாங்கள் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்கும் பதில் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே ஊர் ஊராக நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துக்கொண்டார். கூலி வேலை செய்பவர்கள், குவாரியில் கல் உடைப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஓட்டினார்களாம்!

அவர்கள் யாரும் புத்தகம் படித்து சைக்கிள் கற்றுக்கொள்ளவில்லை. ஊர் பார்க்க, சிலர் சிரிக்க, விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். முழங்காலில் காயம் ஆறியது, சைக்கிள் கைவசமானது. ஆங்கிலப் பேச்சும் அதே மாதிரிதான். தப்பும் தவறுமாக நாலு பேர் முன்னால் பேசாமல் ஒருவருக்கும் அது வந்ததில்லை.

எனவே, தேர்வுக்குத் தேதி வாங்கிய நண்பர்கள் மாதிரி விடைப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் நண்பனோடு இன்று மாலையே பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். விழுந்தால் விழட்டும், ஒரு லட்சம் பேர் விழுந்து எழுந்த ஊர்தானே இது!