ராவணன் கையும் குதிரை வாலும்

ராமேஸ்வரம் பக்கம் வந்துட்டா ராவணனிடமிருந்து தப்பிக்க முடியாது. ராமர் பெயர் எத்தனை தடவை காதில் விழுதோ, ஏறக்குறைய அத்தனை தடவை அவர் பெயரும் விழும். அவரைக் கொன்ற பாவம் தீரத்தானே இங்கே லிங்கம் வைத்துக் கும்பிட்டார்னு தலபுராணமே சொல்லுது. சம்பந்தர் பதிகங்களில் எட்டாவது பாட்டு கிட்டத்தட்ட ராவணனுக்கென்றே ஒதுக்கி வைத்த இடம். கயிலையைத் தூக்கப் போய், ஈசனின் கால்விரலுக்கடியில் நசுங்கி, கடைசியில் பாடியே பிழைத்த கதை. அவர் கொடியிலும் வீணைதான். வில்லனுக்கு இவ்வளவு சங்கீத ஞானத்தை அள்ளிக் கொடுத்த ஊர் வேற எங்கேயாவது இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க :-)

இப்படி ஒரு பின்னணி இருக்கறதாலதான் ‘உலகின் முதல் வயலினைக் கண்டுபிடித்தவன் ராவணன்’ என்று வாட்ஸப்பில் சுத்துற செய்தி நம்ம ஊர்ல சட்டுனு பத்திக்குது. அந்த வாத்தியத்தோட பேரு ராவணஹத்தா. ‘ஹத்தா’ என்றால் ‘ஹஸ்தம்’, அதாவது கை. ராவணனின் கை. தன் தலையில் ஒன்றைக் குடமாக்கி, கையைத் தண்டாக்கி, நரம்பையே தந்தியாக்கி வாசிச்சான்னு கதை. யுத்தம் முடிஞ்சதும் அனுமார் அதை வடக்கே எடுத்துட்டுப் போனார்னு அதுக்கு ஒரு வால். அப்படித்தான் ராஜஸ்தானில் இருக்காம்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு பழக்கம். ஒரு பொருளைப் பத்திக் கதை சொன்னா, கதையை அந்தப் பக்கம் வெச்சுட்டுப் பொருளைப் பிரிச்சுப் பார்க்கணும். எதனால செஞ்சிருக்கு? அந்தச் சாமான் எங்கே கிடைக்கும்? அதனால ராவணஹத்தாவைப் பிரிப்போம்.

முதல்ல குடம். முக்கால்வாசி விட்டு மேல்பக்கம் வெட்டி, வழவழன்னு தேய்ச்ச தேங்காய்ச் சிரட்டை (கொட்டாங்கச்சின்னாலும் அதேதான்). திறந்த வாயின் மேல் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டியிருப்பாங்க. சிரட்டைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் தண்டு. தண்டு நெடுக மரப்பிரடைகள். முக்கியமான தந்திகள் ரெண்டு. ஒன்று எஃகுக் கம்பி, இன்னொன்று குதிரை வால் முடியைக் கத்தையாகச் சேர்த்தது. இது போக, பக்கத்தில் சும்மா கூட அதிர்வதற்கென்றே ஒரு டஜன் போல மெல்லிய கம்பிகள். வாசிக்கிற வில் நிஜ வில் மாதிரியே வளைஞ்சிருக்கும். வயலின் வில் போல நேரா இருக்காது. அதிலும் குதிரை முடிதான் கட்டியிருக்கும். நுனியில் சலங்கை. வில்லை இழுக்க இழுக்கத் தாளமும் சேர்ந்து வந்துடும். தனியா மிருதங்கக்காரர் வேண்டாம், சம்பளம் மிச்சம்!

இதை வாசிக்கிறவங்க ராஜஸ்தானில் நாயக் சமூகத்துப் போபாக்கள். பாபுஜி என்ற வீரதெய்வத்தின் கதையை, ‘பட்’ என்கிற நீளமான ஓவியத் துணிக்கு முன்னால் நின்னு ராத்திரி பூரா பாடுவாங்க. மனைவி விளக்கைத் தூக்கிப் பிடிச்சு, பாட்டு எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கோ அந்த ஓவியத்துக்கு வெளிச்சம் காட்டி, கூடவே பாடுவாங்க. கதையில் பாபுஜிக்கு அடுத்த முக்கியப் பாத்திரம் யார் தெரியுமா? கேசர் காளமி என்கிற கறுப்புப் பெண்குதிரை. குதிரையின் கதையைக் குதிரை முடியைக் குதிரை முடியால் தேய்ச்சுப் பாடுறாங்க.

இப்போ சாமான்களின் ஊருக்கு வருவோம். தார்ப் பாலைவனத்தில் தென்னை ஏது? சிரட்டை கடற்கரையிலிருந்துதான் போயாகணும். நம்ம மாவட்டத்தைப் பனங்காடுன்னுதான் சொல்லுவாங்க. ஆனா பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வந்தால் தென்னந்தோப்பு தொடங்கிடும். மாலத்தீவிலிருந்து மலபார் வரைக்கும் இதே கதை. இந்தச் சிரட்டை கடலில் எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் யாரோ ஒருத்தர் அதில் தோல் கட்டி வில்லால் வாசிச்சிருக்காங்க. ஈராக்கில் மகாம் இசைக்கு வாசிக்கிற ஒரு பிடில் இருக்கு, பேரு ‘ஜோசா’. அரபியில் ‘ஜவ்ஸ்’ என்றால் கொட்டை. தேங்காய்க்கு அவங்க வெச்ச பேர் ‘ஜவ்ஸ் அல்-ஹிந்த்’, இந்தியக் கொட்டை. வாத்தியத்துக்கே நம்ம தேங்காயின் பேர்! தாய்லாந்தில் ‘ஸா ஊ’, சீனாவின் தென்பகுதியில் ‘யேஹூ’, ரெண்டும் சிரட்டைதான்.

ஆக, குடம் கடற்கரையோடது. வில் யாரோடது?

இதில் பண்டிதர் சண்டை நூறு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. 1782-ல் பியர் சொனெரா என்ற பிரெஞ்சுக்காரர் தன் இந்தியப் பயணநூலில் ‘ராவணாஸ்த்ரோன்’ என்று ஒரு எளிய பிடிலைப் படம் போட்டு, இலங்கை அரசன் ராவணன் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதுன்னு கேட்டதை எழுதி வெச்சார். அதைப் பிடிச்சுக்கிட்டு 1856-ல் ஃபெத்திஸ் என்ற இசை வரலாற்றாளர், ஸ்ட்ராடிவாரியைப் பத்தின தன் புத்தகத்தில், வில் வாத்தியங்கள் எல்லாத்துக்கும் தாய் இந்தியாவின் இந்தப் பிடில்தான்னு அடிச்சுச் சொன்னார். இன்னிக்கு வாட்ஸப்பில் வர்றது, மூலத்தைத் தோண்டினால், பாரிசில் அச்சான சரக்கு. ‘வெள்ளைக்காரன் மறைச்ச உண்மை’ன்னு தலைப்பு வேற போடறாங்க. மறைச்சானா? அவன்தான்யா அச்சடிச்சு விட்டதே!

அப்புறம் 1964-ல் வெர்னர் பாக்மன் என்ற ஜெர்மானியர் ஓவியம், சிற்பம், ஏடு எல்லாத்தையும் அலசி ஒரு புத்தகம் போட்டார். வில்லால் தேய்த்து வாசிக்கிறதுக்கு உறுதியான சான்றுகள் பத்தாம் நூற்றாண்டு வாக்கில்தான் தொடங்குது, அதுவும் மத்திய ஆசியப் பக்கம்தான் என்பது அவர் முடிவு. 950-ல் இறந்த அல் ஃபாராபி, தந்தியைத் தந்தியால் தேய்த்து வாசிக்கிற வாத்தியத்தைக் குறிப்பிடுறார். அவர் பிறந்த ஃபாராப் இன்றைய கஜகஸ்தானில் சிர் தர்யா ஆற்றங்கரை. இதை மறுக்கிறவங்களும் உண்டு. ஆனா நம்ம பக்கத்துச் சான்றைப் பாருங்க. சங்க இலக்கியத்து ஆற்றுப்படைகள் யாழின் பத்தர், போர்வை, கோடு, திவவுன்னு உறுப்பு உறுப்பா வர்ணிக்குது. அமராவதிச் சிற்பங்களிலும் வில் வடிவ யாழ்கள் இருக்கு. எல்லாமே விரலால் மீட்டறது. வில்லே யாழாக இருக்கு; யாழைத் தேய்க்க வில் இல்லை.

கஜகஸ்தானில் இன்னிக்கும் ‘கில்-கோபிஸ்’ இருக்கு. ‘கில்’ என்றால் குதிரை முடி. ஒரே மரக்கட்டையைக் குடைஞ்சு, பெரிய அகப்பை மாதிரி செதுக்கி, கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒட்டகத்தோல் போர்த்துவாங்க. ரெண்டு தந்தி, ரெண்டுமே குதிரை வால் முடி. முறுக்கிறது கிடையாது, சீவி, நேராக அடுக்கிக் கத்தையாகக் கட்டறது. தந்தியைத் தண்டோடு அழுத்தாமல், நகத்தால் பக்கவாட்டில் தொட்டே சுரம் எடுப்பாங்க. நடுக்கமும் கரகரப்புமா ஓநாய் ஊளையிடுற மாதிரி ஒரு சத்தம். பூசாரிகள் ஆவிகளைக் கூப்பிட வாசிச்ச வாத்தியம். சோவியத் காலத்தில் இதுக்கு உலோகத் தந்தியும் மரப்பலகை முகமும் வெச்சு, ஆர்கெஸ்ட்ராவில் உட்கார வெச்சாங்க. பழைய ஊளையைத் திரும்பக் கொண்டுவர அடுத்த தலைமுறை பாடுபட வேண்டியதாச்சு. மங்கோலியர்களின் குதிரைத்தலை பிடிலில் தந்தி கட்ட மரபா ஒரு கணக்கே இருக்கு: ஆண் தந்திக்கு 130 முடி, பெண் தந்திக்கு 105.

இப்போ ராவணஹத்தாவைத் திரும்பப் பாருங்க. முறுக்காத முடித்தந்தி, தோல்முகம், வேட்டைவில் போல வளைஞ்ச வில். மேய்ச்சல் நிலத்துக் குதிரைக்காரன் கையும் கடற்கரைத் தோப்புக்காரன் கையும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கு. எனக்கு ராவணன் கதையைவிட இதுதான் பெரிய அதிசயமாத் தெரியுது.

சரி, குதிரை நம்ம பக்கம் வரலையான்னு கேப்பீங்க. கப்பல் கப்பலா வந்துச்சு! பாண்டிய நாட்டுக்கு ஒரு காலத்தில் வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்று 220 தினார் விலையில் வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதறார். 1292 வாக்கில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயலில் ஹோர்முஸ், ஏடன் கப்பல்கள் குதிரையோடு வந்து நிக்கிறதைச் சொல்லிட்டு, இங்கே அதுகளுக்குச் சோறும் கறியும் சேர்த்து வேகவெச்சுப் போட்டே கொன்னுடறாங்கன்னு தலையில் அடிச்சுக்கிறார். குதிரை வாங்கப் பணத்தோடு போன மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இவ்வளவு வால் முடி இறங்கின கரையில், நம்ம சங்கீதம் வில்லை மட்டும் எடுத்துக்கலை. வீணையும் யாழும் இருந்த ஊருக்கு அது தேவைப்படலைன்னு நான் நினைக்கிறேன்.

எடுத்துக்கிட்டது ஐநூறு வருஷம் கழிச்சு, ஐரோப்பாக்காரன் கையிலிருந்து. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியர் ஒருத்தரிடம் வயலின் கத்துக்கிட்டு, அதில் நம்ம ராகங்களை வாசிச்சார். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான். எட்டயபுரம் இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். மத்திய ஆசியாவில் கிளம்பின வில், அரபு நாடு, ஐரோப்பான்னு உலகத்தைச் சுத்திட்டுக் கடைசியா இங்கே வந்து சேர்ந்துச்சு. இப்பவும் சபாவில் வாசிக்கிற நல்ல வில்லில் உள்ள முடி பெரும்பாலும் மங்கோலியா, சைபீரியா, சீனக் குதிரைகளோடதுதான். வீணைக்காரங்க தந்தியைத் தாங்குற கட்டைக்குப் பேரு வெச்சிருக்காங்களே, ‘குதிரை’ன்னு, அதையும் சேர்த்துக்கங்க. வடக்கேயும் அதைக் ‘கோடி’, அதாவது பெண்குதிரை என்றுதான் சொல்றாங்க.

‘அப்போ ராவணன் பேர் எப்படி வந்துச்சு?’ பாட்டில் பெரியவன்னு பேர் எடுத்தவன் தலையில்தானே வாத்தியத்தைக் கட்டுவாங்க. கஜகஸ்தானிலும் கோபிஸைச் செஞ்சது கோர்கித் என்ற ஆதி ஞானின்னு கதை உண்டு. அதனால ராவணனுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. அவனுக்கு இல்லாத வில்லை அவன் கையில் திணிக்கிறதில் நமக்குப் பெருமையும் இல்லை. ஒரு அரசன் ஒரே ராத்திரியில் கண்டுபிடிச்சான்னு சொல்லிட்டா, தோல் கட்டினவன், முடி சீவினவன், சிரட்டை தேய்ச்சவன் எல்லாரும் காணாமப் போயிடறாங்களே.

போபாக்களிடம் ராத்திரி பூராக் கதை கேட்கக் கூப்பிடறவங்க குறைஞ்சு போச்சு. பலர் ராஜஸ்தான் கோட்டை வாசல்களில் டூரிஸ்டுக்கு சினிமாப் பாட்டு வாசிக்கிறாங்க. இலங்கையில் தினேஷ் சுபசிங்க என்ற இசையமைப்பாளர் 2000-களில் இதைத் திரும்ப மேடையேத்தினார்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் போற வழியில், சங்கு, சிப்பி மாலைக் கடைகளுக்கு நடுவே, வடக்கத்திக்காரர் ஒருத்தர் ஒத்தைத்தந்தி பொம்மைப் பிடில் விற்றுக்கொண்டிருந்தார். ஹிந்திப் பாட்டு ஒன்று அருமையா வந்துச்சு. வில்லைத் தொட்டுப் பார்த்து, என் ஓட்டை ஹிந்தியில் ‘குதிரை முடியா?’ன்னு கேட்டேன். சிரிச்சார். ‘நஹி பாய்சாப், நைலான்.’ குடம்? அதுவும் சிரட்டை இல்லை, மண். வாங்கிட்டு வந்தேன். வீட்ல யார் வாசிச்சாலும் பூனை கத்துற சத்தம்தான் வருது.