பதிவேட்டில் ஒரு பெயர்

பெயர் எழுதும் ஏடுகளோடு நமக்குப் பழக்கம் அதிகம். திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், அடக்கம் என வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் பங்கு ஆலயத்தின் ஏடொன்றில் நம் பெயர் ஏறுகிறது. செவிலியர் படிப்பை முடித்து வரும் நம் வீட்டுப் பெண்ணுக்கோ மேலும் இரண்டு ஏடுகள் காத்திருக்கின்றன. ஒன்று, அவள் படித்த மாநிலத்தின் நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் பதிவேடு. மற்றொன்று, அவள் போக விரும்பும் நாட்டின் பதிவேடு. முதலாவதில் பெயர் ஏறுவது பெரும் சுமையன்று. இரண்டாவதற்காகவே மொழித்தேர்வுகளும் சான்றொப்பங்களும் காத்திருப்பும். அதற்காகவே அன்னையரின் நகைகள் அடகுக்கடைக்குப் போகின்றன. அந்த இரண்டாம் ஏடு யாருக்காகத் தோன்றியது, எப்போது யாரை உள்ளே விட்டது, எப்போது யாரை வாசலில் நிறுத்தியது என்பதை வரலாற்றின் துணைகொண்டு சற்றே நோக்குவோம்.

செவிலியர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றி நாடு முழுமைக்கும் பதிவேடு கண்ட முதல் நாடு நியூசிலாந்து. அது 1901ஆம் ஆண்டில். பிரிட்டனில் அதற்கு மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. எதெல் ஃபென்விக் என்னும் செவிலியர் தலைவி 1887இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தோற்றுவித்து, பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் நோயாளி பிரித்தறிய ஒரு பொது ஏடு வேண்டும் என வாதாடினார். அதை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் யார்? பாடநூல்களில் நாம் படித்துப் போற்றும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தாம்! ஒரு பெண்ணின் நற்பண்பையும் நோயுற்றோர்மீது அவள் கொள்ளும் பரிவையும் தேர்வுத்தாளால் அளக்கவியலாது என்பது அவர் கருத்து. நைட்டிங்கேல் 1910இல் மறைந்தார். 1919இல் சட்டம் வந்தது. 1921இல் இங்கிலாந்தின் பதிவேடு திறக்கப்பட்டபோது முதல் எண்ணில் ஏறிய பெயர் ஃபென்விக் அம்மையாருடையதே. அந்த அளவு பெருமைக்கு அவர் உரியவர்தாம். ஆயினும் நைட்டிங்கேலின் ஐயத்தைப் பிடிவாதம் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. ஏட்டினால் எதை அளக்க முடியும், எதை அளக்க முடியாது என்ற அந்தக் கேள்வி இன்றும் முடியவில்லை.

நம் மண்ணில் அந்த ஏடு 1926இல் வந்தது. அவ்வாண்டின் சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் இந்தியாவிலேயே இத்துறையில் முன்னோடியானது. மலபாரும் அன்று சென்னை மாகாணத்தின் பகுதி என்பதை நினைவில் கொள்வோம். நாடு விடுதலையடைந்த 1947ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் பிறந்து, பயிற்சிக்குப் பொதுவான தரம் வகுக்க வழிசெய்தது.

அதற்கெல்லாம் முன்னரே கடல் கடந்து செவிலியர் பயணம் செய்ததுண்டு, ஆனால் மறுதிசையில். அன்று கொல்லம் ஆயராயிருந்த அலோய்சியுஸ் மரிய பென்சிகர், சுவிட்சர்லாந்து நாட்டவர். அவர் முயற்சியால் 1906இல் மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் திருவிதாங்கூருக்கு வந்து அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கினர். குமரி மண்ணும் அந்நாளில் கொல்லம் மறைமாவட்டத்தில் அடங்கியிருந்தது. கோட்டாறு தனி மறைமாவட்டமானது 1930இல்தான். அச்சகோதரிகளை யாரும் மொழித்தேர்வு எழுதச் சொல்லவில்லை. திருவிதாங்கூரில் அப்போது செவிலியர் பதிவேடே கிடையாது. தேவை இருந்தது, வந்தார்கள், அவ்வளவே.

அவர்களைக் கண்டுதான் நம் பெண்களுக்கு இப்பணியில் துணிவு வந்தது என்றால் தவறாகாது. அறிமுகமற்ற ஆடவரின் உடலைத் தொடுவதும், இரத்தத்தையும் மலத்தையும் துடைப்பதும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதும் குலப்பெண்டிர்க்கு ஆகாதவை என்று இந்நாடு நெடுங்காலம் எண்ணியிருந்தது. கிறித்தவக் குடும்பங்களே முதலில் அந்த எல்லையைக் கடந்தன. போர் கமிட்டி என வழங்கும் சர் ஜோசப் போரின் குழு 1946இல் அறிக்கை தந்தபோது, முப்பது கோடி மக்களுக்கு இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர்தாம். 43,000 பேருக்கு ஒருவர். அதே 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர்க்கான பட்டப்படிப்புத் தொடங்கிற்று. தனக்கே போதாத செவிலியரை வைத்திருந்த நாடு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிற நாடுகளுக்கு அவர்களை அனுப்பத் தொடங்கியதே, அது எப்படி?

மேற்கு ஜெர்மனியின் கதையில் அதற்கு விடை இருக்கிறது. இக்கதையில் நம் திருச்சபைக்கு நேரடிப் பங்கு உண்டு. போரில் இடிந்த அந்நாடு 1950களில் செல்வத்தில் நிமிர்ந்தது. மருத்துவமனைகள் பெருகின. ஆனால் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்த அருட்சகோதரிகளின் எண்ணிக்கை குன்றியது, இறையழைத்தல்கள் அருகின. 1960களின் தொடக்கத்திலிருந்து ஜெர்மானியக் கத்தோலிக்க நிறுவனங்கள் கேரளத்தை நோக்கிக் கை நீட்டின. குருக்கள் வழியாகவும் மறைமாவட்டங்கள் வழியாகவும் கேரளத்துச் சிற்றூர்களுக்குச் செய்தி பரவிற்று. பள்ளியிறுதி முடித்த பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் விமானம் ஏறினர். சிலர் துறவியராகும் நோக்கில், பலர் செவிலியராகும் நோக்கில். பனியையும் அந்த உணவையும் அதுவரை அறியாத பெண்கள், மொழியைக் கற்றுக்கொண்டே நோயாளிகளைக் குளிப்பாட்டினர், படுக்கை விரித்தனர், தேர்வெழுதித் தேர்ந்து ஜெர்மானியச் சட்டப்படி செவிலியராயினர். ஊருக்கு அவர்கள் அனுப்பிய பணத்தில் தங்கையின் சீதனம் கொடுக்கப்பட்டது, தம்பியின் படிப்பு நடந்தது, ஓலைக்கூரை ஓடாயிற்று.

இதில் நாம் மகிழ முடியாத பக்கமும் ஒன்றுண்டு. கேரளச் சிறுமியரைப் பணத்திற்காக ஐரோப்பியத் துறவு மடங்களுக்கு அனுப்புகிறார்கள் என 1970இல் பிரிட்டிஷ் ஏடொன்று எழுதிய செய்தி உலகெங்கும் பரவிற்று. வத்திக்கானும் அதுபற்றிப் பேச வேண்டியதாயிற்று. அச்செய்தியில் மிகைப்படுத்தல் இருந்திருக்கலாம். ஆனால், போகும் பெண்ணிடம் அங்கே என்ன வேலை, எத்தனை ஆண்டு, திரும்பிவர விரும்பினால் வழி என்ன என்று தெளிவாகச் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் இருந்தது என்றால் அது பத்திரிகையின் குற்றமன்று.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1973 நவம்பரில் மேற்கு ஜெர்மனி வெளிநாட்டுத் தொழிலாளரை அழைப்பதை நிறுத்தியது. 1970களின் பிற்பகுதியில் சில மாநிலங்கள் ஆசியச் செவிலியரின் வேலை அனுமதியையும் வதிவிட அனுமதியையும் புதுப்பிக்க மறுக்கத் தொடங்கின. ஜெர்மானியத் தேர்வில் ஜெர்மன் மொழியிலேயே வென்று, ஜெர்மானிய உரிமம் பெற்றவர்கள் அவர்கள். திறமையில் குறை காணப்படவில்லை. தேவை குறைந்தது, அவ்வளவுதான். சிலர் ஊர் திரும்பினர். சிலர் அமெரிக்காவுக்கு வழி தேடினர். அதே நிலைக்கு உள்ளான தென்கொரியச் செவிலியர் கூடி நின்று கையெழுத்துத் திரட்டி, பொதுமக்களின் ஆதரவோடு 1978இல் அங்கே தங்கும் உரிமையை வென்றனர். அந்தத் துணிவை நாம் வியக்கிறோம். தங்கிவிட்ட கேரளப் பெண்களுக்கும் சோதனை தீரவில்லை. மணந்து அழைத்துவந்த கணவர்கள் முதல் சில ஆண்டுகள் வேலை செய்யக் கூடாது என்பது விதி. மனைவி வார்டுக்குப் போக, படித்த ஆண்மகன் வீட்டிலிருந்து குழந்தை வளர்த்தான். நம் குடும்ப முறைக்கு அது எவ்வளவு பெரிய புரட்சி! இப்பெண்களின் வரலாற்றை ஷைனி ஜேக்கப் பெஞ்சமின் 2013இல் ஆவணப்படமாக்கியிருக்கிறார்.

ஏட்டில் பெயர் ஏறுவது ஒன்று, நாட்டில் நிற்பது வேறொன்று என்பதை ஜெர்மனி காட்டியது. ஏட்டிலேயே இரண்டு தட்டு வைத்ததைப் பிரிட்டன் காட்டியது. அங்கே 1943ஆம் ஆண்டுச் சட்டம், முழுத் தகுதி பெற்றோரின் பதிவேட்டுக்குக் கீழே இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர்க்கெனத் துணைப்பட்டியல் ஒன்றை உண்டாக்கிற்று. போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் வந்த பெண்களுள் பலர், வேறுபாடு அறியாமலேயே அந்தக் கீழ்த்தட்டுப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். பதவி உயர்வுக்கு அது உதவவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பினால் அங்கே அது செல்லவுமில்லை.

அமெரிக்காவின் முறை வேறு. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியருக்குக் கதவைத் திறந்தது. பிலிப்பைன்ஸ் செவிலியரும் அடுத்து நம்மவரும் சென்றனர். போய்ச் சேர்ந்த பலர் மாநில உரிமத் தேர்வில் தோற்று, உதவியாளராக வேலை பார்த்தனர். ஆகவே 1977இல் வெளிநாட்டுச் செவிலியருக்கான தனி ஆணையம் தோன்றி, புறப்படுமுன் சொந்த நாட்டிலேயே எழுதக்கூடிய முன்தேர்வை நடத்தலாயிற்று. இதைத் தடை என்று சிலர் குறை கூறுவர். நிலத்தை விற்றுப் போய் அங்கே தோற்பதினும், விற்குமுன் இங்கே தோற்பது மேல் என்பதே நம் எண்ணம்.

பிரிட்டனின் அண்மைக்கால வரலாறு இன்னும் வேடிக்கையானது. 2005இல் அங்கே வெளிநாட்டுச் செவிலியர்க்கான சேர்க்கை விதிகள் இறுக்கப்பட்டன. 2006இல் பொதுச் செவிலியர் பணி, ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பெருந்தொகை கட்டிப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு வேலைக் கதவு அடைபட்டது. 2014இல் முறை மாறியது. கணினித் தேர்வை இங்கிருந்தே எழுதலாம், செய்முறைத் தேர்வை மட்டும் அங்கே சென்று எழுத வேண்டும். 2015இல் செவிலியர் மீண்டும் பற்றாக்குறைப் பட்டியலில் ஏறினர். 2006இல் வேண்டாதவளாய் இருந்தவள் ஒன்பது ஆண்டில் வேண்டியவளானாள். அவள் கற்ற கல்வி மாறவில்லை.

வளைகுடா நாடுகளில் ஏட்டைவிட இடைத்தரகரே பெரிய வாயில். 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரிலிருந்து போராளிகளால் மோசுலுக்குக் கொண்டு செல்லப்பட்ட 46 இந்தியச் செவிலியர், பெரும்பாலோர் கேரளத்தினர், விடுவிக்கப்பட்டுக் கொச்சி வந்திறங்கியதை நாம் மறக்கவில்லை. போர் நெருங்கியபோதும் அவர்களுள் சிலர் ஊர் திரும்பத் தயங்கினர். சம்பள பாக்கி அங்கே, கடன் இங்கே. வெறுங்கையோடு எப்படி வருவது? மறு ஆண்டு, குவைத் வேலைக்காகச் சட்டம் அனுமதித்த ரூ. 19,500க்குப் பதிலாகத் தலைக்கு ரூ. 19.5 இலட்சம் வாங்கப்பட்டதாகக் கொச்சியில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. 2015 மே மாத இறுதியிலிருந்து பதினெட்டு நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்க்குக் குடியகல்வு அனுமதி கட்டாயமாகி, ஆள் சேர்க்கும் பணி அரசு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னையிலுள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் பின்னர் அவற்றுள் இடம்பெற்றது.

ஏன் போகிறார்கள் என்று கேட்போர் நம்மிடையே உண்டு. 2011, 2012 ஆண்டுகளில் கேரளத்துத் தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் வேலைநிறுத்தம் அலையென எழுந்தது. சம்பளம் மட்டும் அன்று, பிணைப்பத்திரத்திற்கு ஈடாக வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள் என்பதும் அவர்கள் கோரிக்கை. போராட்டம் நடந்தவற்றுள் திருச்சபையினர் நடத்தும் மருத்துவமனைகளும் இருந்தன. உச்ச நீதிமன்றத்தின் அறிவுறுத்தலால் 2016இல் அமைந்த குழு, சிறு மருத்துவமனையிலும் மாதம் ரூ. 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைக்க நேர்ந்தது என்றால், அதுவரை கொடுக்கப்பட்டது என்ன என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். ஞாயிறு மறையுரையில் செவிலியரை வானதூதர் என்று போற்றிவிட்டு, திங்களன்று அவர் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைப்பது நமக்கு அழகன்று.

இப்போது ஜெர்மனி மீண்டும் அழைக்கிறது. 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா நிறுவனமும் ஜெர்மானிய வேலைவாய்ப்பு முகமையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அன்று பயிற்சிக்குப் போனார்கள். இன்று பயிற்சி முடித்தவர்கள் போகிறார்கள். ஆனால் பட்டம் எல்லையில் எடைபோடப்படுகிறது. அறுவை மருத்துவத்தில் எத்தனை மணி, குழந்தை நலத்தில் எத்தனை மணி, முதியோர் பராமரிப்பில் எத்தனை மணி என்று பாடநேரம் ஒப்பிடப்படுகிறது. குறை தென்பட்டால் அறிவுத் தேர்வு, அல்லது தழுவல் பயிற்சி. அதற்குமேல் பி2 நிலை ஜெர்மன் மொழி. அவை முடியும்வரை அவள் அங்கே உதவியாளர், சம்பளமும் உதவியாளருடையது. இங்கே உறவினரும் ஆயாக்களும் செய்யும் குளிப்பாட்டல், உணவூட்டல் யாவும் அங்கே செவிலியர் பணியின் நடுப்பகுதி. நான்காண்டுப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு இது முதலில் கசக்கிறது. 1960களில் போன கொரியப் பெண்களுக்கும் இது கசந்ததுண்டு. இதை முன்னரே சொல்லி அனுப்பும் தரகர் அரிது. பெற்றோராவது கேட்டறிந்து சொல்லலாம்.

பாடநேரக் கணக்கைக் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தர வேண்டியது அவள் படித்த கல்லூரி. அத்தாள் வராமல் கோப்பு நகராது.

முன்னர் அந்நாட்டில் செவிலியரின் சட்டப்பெயர், 'நோயாளரின் சகோதரி' என்று பொருள்படும் சொல். கேரளத்திலிருந்து முதலில் போன பெண்கள் பெற்ற பட்டமும் அதுவே. 2004இல் சட்டம் அப்பெயரை நீக்கிற்று. 2020இல் மற்றொரு புதுப்பெயர் வந்தது. பதிவு முடியும்வரை புதுப்பெயரைச் சட்டைப்பட்டையில் அணிய நம் பெண்ணுக்கு உரிமையில்லை. ஆனால் அங்குள்ள முதிய நோயாளர் பலர் இன்றும் பழைய வழக்கப்படியே, பதிவானவளையும் பதிவாகாதவளையும் ஒன்றுபோல, 'ஷ்வெஸ்டர்' என்றுதான் அழைக்கிறார்கள்.